ஒதுக்கப்பட்ட நுரையீரல்கள்

மாற்று உறுப்பின் வரலாறு – 17

சென்ற இதழை ஐஸ் பெட்டியோடு நிறுத்தியிருந்தேன். உறுப்பைக் கெடாமல் வைத்திருக்க பம்ப் கட்டித் திரவம் ஓட்டியவர் ஃபோல்கெர்ட் பெல்சர். அந்த வேலையை ஒரு பை கரைசலும் கொஞ்சம் ஐஸும் செய்துவிடும் என்று காட்டியவர் ஜெஃப்ரி காலின்ஸ். 1960களின் கடைசியில் இந்த இரண்டு வழிகளுக்கும் நடந்த போட்டியில் ஐஸ் வென்றது. அடுத்த நாற்பது ஆண்டுகள் பெரும்பாலான உறுப்புகள் ஐஸ் பெட்டியில்தான் ஊர்விட்டு ஊர் போயின. பெல்சரே பின்னாளில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சதர்டோடு சேர்ந்து அந்தப் பெட்டிக்கு மிகச் சிறந்த கரைசலை ஆக்கிக் கொடுத்தார்.

ஐஸ் செய்வது ஒரே வேலை. உறுப்பின் வெப்பத்தை 4 டிகிரிக்கு இறக்கினால் செல்லின் இயக்கம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்குகிறது. பசி குறைகிறது, அழிவு மெதுவாகிறது. அதோடு செல் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்வதும் நின்றுபோகிறது. மீன் விற்கும் அம்மாவைக் கேட்டால் சொல்வார்: ஐஸில் வைத்த நல்ல மீன் நல்ல மீனாகவே இருக்கும், கெடத் தொடங்கிய மீனை எந்த ஐஸும் நல்லதாக்காது. அதனால் அந்த நாற்பது ஆண்டுகளும் அறுவை மருத்துவர் தன் முன்னால் வந்த உறுப்பைப் பார்த்துக் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: தேறுமா, தேறாதா? தேறாது என்று தோன்றினால் ஒதுக்கிவிடுவார். ‘இதற்கு வைத்தியம் பார்த்தால் என்ன?’ என்ற கேள்வி அப்போது எழவே வழியில்லை. ஐஸில் குளிர்ந்து கிடப்பதற்கு மருந்து கொடுத்து என்ன பயன்?

அந்தக் கேள்வி எழுந்த காலத்தைத்தான் இந்த இதழில் சொல்லப்போகிறேன்.

மற்ற எந்த உறுப்பையும்விட அதிகமாக ஒதுக்கப்பட்டது நுரையீரல். மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பம் மனம் துணிந்து சம்மதம் சொன்ன பிறகும், 2000களில் ஐந்தில் ஒரு நுரையீரல்தான் இன்னொருவர் மார்புக்குள் போய்ச் சேர்ந்தது. காரணம் புரியாததல்ல. உடலுக்குள் இருந்தபடியே வெளிக்காற்றோடு நேரடித் தொடர்பு வைத்திருக்கும் உறுப்பு அது. விபத்தில் வாந்தியும் ரத்தமும் மூச்சுக்குழல் வழியாக அதற்குள்தான் இறங்கும். வென்டிலேட்டரில் கிடக்கும் நாட்களில் கிருமி அங்கேதான் குடியேறும். மூளை சாகும் கணத்தில் உடலெங்கும் அட்ரினலின் கொட்டுகிறது. ரத்த அழுத்தம் எகிறி, தந்துகிகளின் சுவர் கசிந்து, காற்றுப்பைகளில் நீர் கட்டுகிறது. இரு நுரையீரலிலும் சேர்த்து 30 கோடிக்கும் மேற்பட்ட காற்றுப்பைகள். அவற்றில் நீர் நிறைந்தால் ஆக்ஸிஜன் ரத்தத்துக்குள் போகாது. எக்ஸ்ரேயில் வெள்ளை படர்ந்திருப்பதைப் பார்த்ததும் மருத்துவர் தலையை ஆட்டிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. தவறான நுரையீரலைப் பொருத்தினால் சாகப்போவது அவருடைய நோயாளி.

முதல் கதவைத் திறந்தவர் சுவீடனின் லுண்ட் நகரத்து அறுவை மருத்துவர் ஸ்டிக் ஸ்டீன். மாரடைப்பில் இதயம் நின்று இறந்த ஒருவரின் நுரையீரலை 2000-ஆம் ஆண்டில் அவர் வெளியே எடுத்தார். அது வேலை செய்யுமா என்று உடலுக்கு வெளியிலேயே சோதிக்க விரும்பினார். தாமே வடிவமைத்த கரைசலை அதன் ரத்தக் குழாய்களில் ஓட்டி, காற்று ஊதி, ஆக்ஸிஜன் ஏறுகிறதா என்று அளந்து பார்த்து, பிறகே பொருத்தினார். அது வேலை செய்தது. அவர் தேடியது சோதிக்க ஒரு வழி, அவ்வளவுதான். உறுப்பு வெளியே உயிரோடு, சூடாக, மூச்சு விட்டுக்கொண்டு இருக்க முடியும் என்பது அந்தச் சோதனையோடு சேர்ந்தே கிடைத்தது.

அதைச் சிகிச்சைக் கூடமாக மாற்றியவர்கள் டொரன்டோ பொது மருத்துவமனையின் ஷாஃப் கேஷவ்ஜியும் மார்செலோ சைபெலும். உலகின் முதல் வெற்றிகரமான ஒற்றை நுரையீரல் மாற்று 1983-ல் நடந்தது அதே மருத்துவமனையில்தான் என்பதை 12-ஆம் அத்தியாயத்தில் பார்த்திருக்கிறோம். ஊடுருவிப் பார்க்கக்கூடிய மூடியின் கீழ் நுரையீரலை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக 37 டிகிரிக்குச் சூடேற்றி, குறைந்த வேகத்தில் திரவம் ஓட்டி, மெல்லக் காற்றூதினார்கள். அந்தக் காட்சியின் படங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆளில்லாத ஒரு நுரையீரல் இளஞ்சிவப்பாக விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கும். ஐயத்துக்குரிய 23 நுரையீரல்களை நான்கு மணி நேரம் இப்படி வைத்து, அவற்றில் தேறிய 20-ஐ நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள். முடிவு 2011-ல் வெளியானது. பொருத்திய மூன்றாம் நாளில் கடுமையாகத் திணறியவை இவற்றில் 15 சதவீதம். ஐஸில் வந்த வழக்கமான நுரையீரல்களில் 30 சதவீதம். எண்ணிக்கை சிறிது என்பதால் இது மேல் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒதுக்கப்பட்டிருக்கக்கூடியவை, நல்லவை என்று ஏற்கப்பட்டவற்றைவிட மோசமில்லை என்பதே போதுமானதாக இருந்தது.

சூடான உறுப்பு மருந்தை ஏற்கும். அழற்சியைத் தணிக்கும் மரபணு ஒன்றை நுரையீரல் செல்களுக்குள் செலுத்தலாம் என்று 2009-ல் டொரன்டோ குழு காட்டியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வேறொரு குழு செல்களையே மருந்தாக ஊற்றிப் பார்த்தது.

சான்ஃபிரான்சிஸ்கோவின் மைக்கேல் மத்தே மாற்று அறுவை மருத்துவர் அல்லர். தீவிர சிகிச்சைப் பிரிவில், நுரையீரலில் நீர் கட்டி மூச்சு முட்டும் நோயாளிகளைப் பார்த்து வந்தவர். அந்த நோய்க்கு வென்டிலேட்டர் உண்டு, மருந்து கிடையாது. கட்டிய நீரை நுரையீரல் எப்படி வெளியேற்றுகிறது என்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. விடை வியப்பானது. நீர் தானாக வடிவதில்லை. காற்றுப்பையின் சுவரில் உள்ள செல்கள் சோடியத்தைப் பிடித்து வெளியே தள்ளுகின்றன. உப்பு போகும் வழியில் நீரும் பின்னால் போகிறது. கிணற்றில் ஏற்றம் இறைப்பது போல விடாத உழைப்பு. செல் காயப்பட்டால் இறைப்பு நிற்கும், நுரையீரல் நிறைந்துவிடும்.

எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து வளர்த்த ஸ்டெம் செல்களைக் காயப்பட்ட எலியின் நுரையீரலில் செலுத்தினால் அதிக எலிகள் பிழைக்கின்றன என்று 2007-ல் மத்தேயின் குழுவில் நவீன் குப்தாவும் உடன் பணியாற்றியவர்களும் கண்டார்கள். எலியிடம் வென்று மனிதரிடம் தோற்ற மருந்துகளின் பட்டியல் மிக நீளம். மத்தே அதை நன்றாக அறிந்தவர். உயிருள்ள மனித நுரையீரல் ஒன்றில் சோதித்தால்தான் நம்ப முடியும். ஆனால் யாருடைய நுரையீரலில்?

இங்கேதான் ஒதுக்கப்பட்டவை வந்து சேர்ந்தன. வட கலிஃபோர்னியாவின் உறுப்பு தான அமைப்பு மூலம், எந்த மருத்துவமனையும் ஏற்காத நுரையீரல்கள் ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்தன. ஜே லீயும் மத்தேயும் அவற்றைச் சூடாக்கி, திரவம் ஓட்டி, மூச்சு விட வைத்தார்கள். பிறகு பாக்டீரியாவின் நச்சை உள்ளே விட்டுக் காயப்படுத்தினார்கள். ஒரு மணி நேரம் கழித்துச் செல்களை ஊற்றினார்கள். நின்றுபோன நீரிறைப்பு மீண்டும் தொடங்கியது. தந்துகிகளின் கசிவும் குறைந்தது.

அடுத்த சோதனைதான் இந்த வரலாற்றின் திருப்பம் என்று நான் கருதுகிறேன். செல்களை விட்டுவிட்டு, செல்கள் வளர்ந்த திரவத்தை மட்டும் ஊற்றிப் பார்த்தார்கள். பலன் ஏறக்குறைய அதேதான். அப்படியானால் வேலை செய்தது செல்லா, செல் சுரந்த ஏதோவொன்றா? கெரட்டினோசைட் வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. அந்தப் புரதத்தைச் சுரக்க முடியாதபடி செல்களின் மரபுக் கட்டளையை அடைத்தார்கள், பலன் குறைந்தது. அதே புரதத்தைத் தனியாகக் கலந்து கொடுத்தார்கள், பலன் திரும்பியது. 2009-ல் கட்டுரை வெளியானபோது, ஸ்டெம் செல் என்றால் புதிய திசுவாக வளரும் விதை என்று நம்பியிருந்த பலருக்கு இது ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும்.

நச்சுக்குப் பதில் உயிருள்ள பாக்டீரியாவையே விட்டு 2013-ல் சோதித்தார்கள். செல்கள் வந்ததும் நுரையீரலின் சொந்தக் காவல் செல்கள் கிருமிகளை அதிகம் விழுங்கின. 2014-ல் பெல்ஃபாஸ்ட்டின் டேனி மெக்காலியோடு சேர்ந்து செய்த சோதனையில் செயற்கைக் காயமே இல்லை. நுரையீரல் எந்தக் குறையால் ஒதுக்கப்பட்டதோ, அந்தக் குறையோடே எடுத்து, மனிதருக்குக் கொடுக்கத் தகுந்த தரத்தில் வளர்த்த செல்களை அதற்குள் விட்டார்கள். நீரிறைப்பு மீண்டது.

இந்தச் செல்களின் பெயர்க் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஆகாத, பாத்திரத்தின் அடியில் ஒட்டி வளரும் செல்களை முதலில் கவனித்தவர் மாஸ்கோவின் அலெக்சாண்டர் ஃபிரீடன்ஸ்டைன், 1960களில். அவை எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் மாறக்கூடியவை. 1991-ல் கிளீவ்லாந்தின் ஆர்னால்ட் கேப்லன் அவற்றுக்கு மீசென்கைமல் ஸ்டெம் செல் என்று பெயர் வைத்தார். ஸ்டெம் செல்லைத் தமிழில் குருத்தணு என்கிறோம். வாழையின் நடுவே சுருண்டு நிற்கும் குருத்து நாளைக்கு இலையாகும். அழகான சொல், ஆனால் இந்தச் செல்லைப் பொறுத்தவரை கொஞ்சம் வழிதவறச் செய்யும் சொல். நுரையீரலில் ஊற்றிய செல் நுரையீரலாக ஆகவில்லை. வீட்டுக்கு வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போகும் வைத்தியராக இருந்தது. கேப்லன் அதை ஒப்புக்கொண்டார். மருந்து சுரக்கும், சமிக்ஞை அனுப்பும் செல்கள் என்று பெயரை மாற்றலாம் என்று 2010-ல் சொன்னார். யாரும் மாற்றாததால், பெயரை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று 2017-ல் கட்டுரையே எழுதினார். தான் வைத்த, உலகமே ஏற்றுக்கொண்ட பெயரைத் தவறென்று சொல்லத் துணிந்த அறிவியலாளர்கள் மிகக் குறைவு. அந்த நேர்மைக்காகவே அவரை நினைவில் வைக்க வேண்டும்.

செல் சுரப்பதோடு நிற்பதில்லை என்பதும் தெரியவந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜஹர் பட்டாச்சார்யா குழு 2012-ல் எலி நுரையீரலில் படமெடுத்துக் காட்டியது: வந்த செல் காயப்பட்ட செல்லோடு ஒட்டி, தனக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவையே அதற்குக் கொடுக்கிறது. அணைந்த அடுப்புக்குப் பக்கத்து வீட்டிலிருந்து நெருப்பெடுத்துக் கொடுத்தது போல.

இந்தச் செல்களை நோயாளியின் கை ரத்தக் குழாயில் ஏற்றிவிடலாமே, எதற்கு உறுப்பை வெளியே வைத்துப் பாடுபட வேண்டும்? அப்படி ஏற்றினால் பெரும்பாலானவை முதலில் எதிர்ப்படும் நுரையீரலின் நுண்குழாய்களிலேயே சிக்கிக்கொள்ளும். சிறுநீரகத்துக்கோ கல்லீரலுக்கோ போய்ச் சேர்பவை சொற்பம். இயந்திரத்தில் இருக்கும் உறுப்புக்குப் போட்டி கிடையாது, ஊற்றியதெல்லாம் அதற்கே. செல்களை ஊற்றும் நேரத்தில் நோயாளிக்குப் பக்கவிளைவு இல்லை, ஏனென்றால் அவர் இன்னும் மேசைக்கே வரவில்லை. பலன் கிடைத்ததா என்று பொருத்துவதற்கு முன்பே அளந்துவிடலாம்.

சிறுநீரகத்தில் இதைத் துல்லியமாகச் சோதித்தது இங்கிலாந்தின் நியூகாசில் குழு. ஒதுக்கப்பட்ட சிறுநீரகங்களை இணையாக எடுத்துக்கொண்டார்கள். ஒரே கொடையாளரின் ஒரு சிறுநீரகத்துக்குச் செல்கள், மற்றதுக்கு வெறும் திரவம். வயது, நோய், இறந்த விதம், ஐஸில் கிடந்த நேரம் என்று எதுவும் இரண்டுக்கும் பெரிதாக மாறாது. செல் பெற்ற சிறுநீரகம் அதிகச் சிறுநீர் கொடுத்தது. காயத்தைக் காட்டும் புரதம் குறைந்தது. நுண்குழாய்களில் ஓட்டம் மேம்பட்டது. 2021-ல் முடிவு வெளியானது. ஏறக்குறைய அதே வேளையில் டச்சு, டேனிஷ் மருத்துவர்கள் பன்றிகளில் ஒரு படி மேலே போனார்கள். செல் ஊட்டிய சிறுநீரகத்தைப் பன்றிக்குப் பொருத்திப் பதினான்கு நாட்கள் பார்த்தார்கள். செல்கள் உள்ளே தங்கியிருந்தன. சிறுநீரகத்தின் வேலையில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. இயந்திரத்தில் நன்றாகத் தெரிவதெல்லாம் உடலுக்குள் நன்மையாகிவிடாது. இந்தத் தோல்வியையும் அவர்கள் மறைக்காமல் வெளியிட்டார்கள்.

கல்லீரலின் கதை வேறு தடத்தில் போனது. கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. அதற்குள் கிளைவிடும் பித்தநாளங்களுக்கோ தமனி ஒன்றே கதி. ரத்த ஓட்டம் நின்ற நேரத்தில் முதலில் வாடுவது அந்த நாளங்கள்தான். கல்லீரல் நன்றாகப் பொருந்தி, மாதங்கள் கழித்துப் பித்தநாளம் சுருங்கி, மறுபடியும் மாற்று தேடி நிற்கும் நோயாளிகள் உண்டு. வைத்தியர் வந்து மருந்து கொடுத்துப் போனால் இங்கே போதாது. உதிர்ந்த உட்சுவரில் புதுச் செல் நிற்க வேண்டும்.

கேம்பிரிட்ஜின் ஃபோட்டியோஸ் சம்பாசியோட்டிஸும் லுடோவிக் வல்லியேவும் பித்தப்பையிலிருந்து செல்களை எடுத்து, ஆர்கனாய்டு எனப்படும் சின்னஞ்சிறு உருண்டைகளாக ஆராய்ச்சிக் கூடத்தில் வளர்த்தார்கள். பித்தப்பைச் செல் கல்லீரலுக்குள் இருக்கும் நாளத்தின் செல்லாக மாறுமா? மாறும் என்று கண்டார்கள். எங்கே நடுகிறோமோ அந்த இடத்துப் பித்தத்தின் சுவைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது அந்தச் செல். பொருத்தத் தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்ட மனிதக் கல்லீரல்களை இயந்திரத்தில் வைத்து, சிவப்பாக ஒளிரும்படி அடையாளமிட்ட செல்களை நாளங்களில் நட்டார்கள். 100 மணி நேரம் வரை காத்திருந்து பார்த்தபோது, நட்ட நாளங்களின் சுவரில் 40 முதல் 85 சதவீதம் வரை அந்தச் சிவப்பு நின்றிருந்தது. பித்தத்தின் அளவும் தன்மையும் மேம்பட்டிருந்தன. 2021 பிப்ரவரியில் ‘சயன்ஸ்’ இதழ் இதை வெளியிட்டது. இங்கே குருத்து என்ற உவமை முழுப் பொருளோடு நிற்கிறது. நாற்றங்காலில் வளர்த்து வயலில் நட்ட நாற்று இது.

நாற்று பிடிக்க நாள் வேண்டும். கேம்பிரிட்ஜின் 100 மணி நேரம் போல அல்லாமல், பொதுவாக நான்கு மணி நேரம், ஏழு மணி நேரம் என்றிருந்த இயந்திரங்களால் அது முடியாது. அந்தத் தடையை உடைத்தது சூரிச் நகரத்தில் பியர்-அலன் கிளாவியென் நடத்திய கூட்டுத் திட்டம். சர்க்கரையும் இன்சுலினும் ஆக்ஸிஜனும் தானே அளந்து கொடுக்கும், உதரவிதானம் அசைவது போலக் கல்லீரலை அசைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரம் அவர்களுடையது. ஒதுக்கப்பட்ட பத்துக் கல்லீரல்களில் ஆறை ஒரு வாரம் உயிரோடு வைத்ததாக 2020-ல் அறிவித்தார்கள். 2021 மே மாதத்தில், எல்லா மையங்களும் வேண்டாம் என்ற கல்லீரல் ஒன்றை மூன்று நாட்கள் வைத்து, அதன் தொற்றுக்கு மருந்து கொடுத்து, புற்றுநோயாளி ஒருவருக்குப் பொருத்தினார்கள். ஓராண்டுக்குப் பிறகும் அவர் நலமாக இருந்தார். இதில் ஸ்டெம் செல் இல்லை. ஆனால் செல்களுக்குத் தேவையான நாட்கள் இதில் கிடைத்தன.

இதை வாசிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மூட்டு வலி முதல் ஆட்டிசம் வரை எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் ஊசி என்று நம் ஊரிலும் விளம்பரங்கள் வருகின்றன. ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று தவிர வேறெந்த ஸ்டெம் செல் சிகிச்சையும் நிலைநிறுத்தப்பட்ட மருத்துவம் அல்ல என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன. மத்தே ஒரு புரதத்தின் பங்கை நிறுவ எத்தனை முறை அடைத்தும் திறந்தும் பார்த்தார் என்பதையும், பன்றியில் பலனில்லை என்று டச்சுக்காரர்கள் எழுதியதையும் படித்த நீங்கள் அந்த விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

அப்படி நம்பியதால் உயிர்கள் போன கதை ஒன்றும் இந்த வரலாற்றில் உண்டு. கொடையாளரின் மூச்சுக்குழாயிலிருந்து செல்களைக் கழுவி எடுத்துவிட்டு, நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களை அதில் வளர்த்துப் பொருத்திவிட்டோம் என்று 2008-ல் பார்சிலோனாவிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. உலகம் கொண்டாடியது. ‘லான்செட்’ இதழ் அந்தக் கட்டுரையை 2023-ல் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் என்ன நடந்தது என்பது அடுத்த இதழில்.

சான்ஃபிரான்சிஸ்கோவில் மூச்சு விட்ட அந்த நுரையீரல்களும், கேம்பிரிட்ஜில் சிவப்பாக ஒளிர்ந்த அந்தக் கல்லீரல்களும் யாருடையவை என்று எந்தக் கட்டுரையிலும் இல்லை. அவை யாருக்கும் பொருத்தப்படவில்லை. ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று குடும்பத்தினர் சொன்ன பிறகுதான் அவை அங்கே வந்தன.

(தொடரும்)